அடியை நாமே கொடுப்பதா, விதியை எழுதி விடுவதா?

நிண்டெண்டோ சுவிட்சில் அடுத்து எந்த ஆர்பிஜியை (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டு கதையோடு போகும் விளையாட்டு) ஆரம்பிப்பது என்று பார்த்தபோது இரண்டு மிஞ்சின. ஒன்று பெர்சோனா 3 போர்டபிள். இன்னொன்று ஃபைனல் ஃபேண்டஸி 12-இன் புதுப்பித்த வடிவமான ஸோடியாக் ஏஜ். இரண்டின் மூல விளையாட்டும் 2006-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தவைதான். நான் ஸோடியாக் ஏஜை எடுத்தேன். பெர்சோனாவைப் பிறகு தம்பியின் சுவிட்சில் விளையாடினேன். எது பிடித்தது என்பதை மறைக்கப் போவதில்லை: எப்போது என்ன செய்வது என்று பாத்திரங்களுக்கு முன்கூட்டியே விதி எழுதிவைக்கும் ஸோடியாக் ஏஜ் முறைதான் எனக்கு.

கதை, இசை, படம் எல்லாம் ரசனையைப் பொறுத்தது, அதை விட்டுவிடுவோம். ரயிலில் விளையாட எது வசதி என்றால் பெர்சோனா ஒரு படி மேல். காஜாங் எம்ஆர்டியில் கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் நம் முறை வந்தால் அது நமக்காகக் காத்து நிற்கும். ஸோடியாக் ஏஜில் மெனுவைத் திறந்தால்தான் சண்டை நிற்கும்.

பெர்சோனா 3 போர்டபிளில் நால்வர் கூட்டணியில் ஒவ்வொருவருக்கும் நாமே கட்டளை கொடுக்கலாம். எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அடித்தால் அவன் கீழே விழுவான், நமக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லா எதிரிகளும் விழுந்துவிட்டால் நால்வரும் சேர்ந்து பாய்ந்து அடிப்பார்கள். அந்தப் பாய்ச்சல் தரும் திருப்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸோடியாக் ஏஜில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'கேம்பிட்' என்ற பட்டியல் உண்டு. இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் செயல். அதிகபட்சம் 12 வரி. இதை உருவாக்கிய ஹிரோயுகி இட்டோதான் 1991-இல் ஃபைனல் ஃபேண்டஸி 4-க்கு நேரம் ஓட ஓட முறை வரும் சண்டை அமைப்பையும் கொண்டுவந்தவர்.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் இதைக் காட்டியபோது நண்பன் கேட்ட கேள்வியை இந்த விளையாட்டை எடுக்கும் எல்லாரும் கேட்டிருப்பார்கள்: "அதுவே அடிச்சிக்குதுன்னா நீ எதுக்கு மச்சான் விளையாடுற?" நியாயமான கேள்விதான். என் பதில், தோற்றபிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

ஆஷ் என்ற பாத்திரத்தை மருத்துவராக வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி: விழுந்த தோழரை எழுப்பு. இரண்டாவது: உயிர் 50 சதவீதத்துக்குக் கீழே போனவருக்கு கியூர் (குணப்படுத்தும் மந்திரம்) போடு. மூன்றாவது: தலைவர் அடிக்கும் எதிரியை அடி. விளையாட்டு மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியைச் செய்யும். இப்போது இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிப் பாருங்கள். தலைவர் ஓர் எதிரியை அடித்துக்கொண்டிருக்கும் வரை அடிக்கும் வரியே பொருந்தும், கியூர் வரிக்குக் கண் போகவே போகாது. பக்கத்தில் தோழன் வான் சாகக் கிடந்தாலும் ஆஷ் அடித்துக்கொண்டே இருப்பாள்.

அந்த 50-ஐ 30 ஆக்கினால் வேறொரு சிக்கல். மந்திரம் போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் அடுத்த அடி விழுந்து ஆள் காலி. 70 ஆக்கினால் யாரும் சாக மாட்டார்கள், ஆனால் சின்னக் கீறலுக்கெல்லாம் மந்திரம் போட்டு, குகையின் பாதியிலேயே எம்பி (மந்திரம் போடத் தேவையான சக்தி) தீர்ந்துபோகும். அந்த ஒரு எண்ணை எங்கே வைப்பது என்பதற்குள் ஒரு முழு சண்டைத் திட்டம் அடங்கியிருக்கிறது. தோற்றால் பட்டியலைத் திறந்தால் போதும், தோல்விக்கான காரணம் அங்கேயே எழுதியிருக்கும். ஒரு வரியை மேலே ஏற்று, ஓர் எண்ணை மாற்று, திரும்பவும் போ.

நேரடிக் கட்டளையில் இது கிடைப்பதில்லை. தவறான முடிவு அந்த நொடியோடு போய்விடும். அடுத்த தடவை நினைவு வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தீபாவளிக்கு ஈப்போ போய், சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பினால் எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பெர்சோனாவில் எந்த எதிரிக்கு எதைப் போட வேண்டும், என் பழக்கம் என்ன என்பதை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஸோடியாக் ஏஜில் மூன்று பட்டியலைப் படித்தால் போதும், நான் எப்படி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்துவிடும்.

ஆனால் தானியங்கி எல்லாமே ஒன்றல்ல. 2006-இன் பெர்சோனா 3-லும் தோழர்கள் தாமாகத்தான் சண்டை போட்டார்கள். 'முழுத் தாக்குதல்', 'குணப்படுத்து' என்று பொதுவான போக்கைச் சொல்லலாம், உள்ளே எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லை. உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டிய நேரத்தில் மிட்சுரு என்ற தோழி எதிரியை மயக்கும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டிருந்தது இன்றும் ரசிகர்கள் புலம்பும் விஷயம். தோழர்கள் பொம்மைகள் அல்ல, அவரவர் மனப்படி நடப்பதுதான் கதைக்குப் பொருத்தம் என்று வாதாடுபவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் கதையில் பிடிக்கிறது, சண்டையில் பிடிக்கவில்லை. தோற்றால் திருத்த எதுவும் இல்லையே! அதனால்தான் 2009-இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு போர்டபிள் வடிவமாக வந்தபோது நேரடிக் கட்டளையைச் சேர்த்தது நல்ல முடிவு என்பேன். கைபேசி விளையாட்டுகளின் 'ஆட்டோ' பொத்தானிலும் எனக்கு இதே குறைதான். சண்டை ஓடும், ஆனால் விதி நம்முடையது இல்லை.

விதி எழுதும் முறைக்கும் குறை உண்டு. பட்டியல் சரியாக அமைந்துவிட்டால் சின்னச் சண்டைகளில் நமக்கு வேலையே இருக்காது. ஸோடியாக் ஏஜ் 2 மடங்கு, 4 மடங்கு வேகம் கொடுத்திருப்பதே அதற்கான ஒப்புதல் மாதிரிதான். மறுபக்கம், 5 கோடிக்கும் மேல் உயிர்ப்புள்ளி கொண்ட யாஸ்மாட் என்ற பெரிய எதிரியை ஒவ்வொரு அடியாகக் கட்டளையிட்டு யார் வீழ்த்துவது?

2023-இல் வந்த பால்டுர்ஸ் கேட் 3 போல இடத்தைப் பார்த்து யோசிக்க வைக்கும் விளையாட்டுகளில் என் கட்சி தோற்கும் என்றே நினைக்கிறேன். எதிரியை மேட்டிலிருந்து தள்ளிவிடுவது, எண்ணெயைக் கொட்டித் தீ வைப்பது இதற்கெல்லாம் முன்கூட்டி விதி எழுத முடியாது. அதில் நான் முதல் பாகத்தைத் தாண்டவில்லை, அதனால் இதற்கு மேல் பேச மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஸோடியாக் ஏஜில் ஒவ்வொருவரின் கேம்பிட்டையும் தனித்தனியாக அணைக்கலாம், கையால் கொடுக்கும் கட்டளை எப்போதும் பட்டியலை முந்தும். பெரிய எதிரி வந்தால் நான் தலைவரின் பட்டியலை மட்டும் அணைத்துவிடுவேன். அவரை நானே ஓட்டுவேன், மற்ற இருவரும் எழுதிவைத்தபடி பார்த்துக்கொள்வார்கள். புதிதாக எடுப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படி விளையாடலாம். நண்பனையும் அப்படித்தான் ஆரம்பிக்க வைத்தேன். இப்போது ஆஷின் கியூரை 40-இல் வைப்பதா 60-இல் வைப்பதா என்று அவன் என்னோடு சண்டை போடுகிறான்.