எலி புடிக்க நாய் வெச்சு நாலு வருஷம் ஆச்சு, நல்லது கெட்டது ரெண்டும் சொல்றேன்

நாலு வருஷமா எங்க பண்ணையில எலிக்குன்னே ரெண்டு நாய் இருக்கு. சொன்னா சிரிக்கிறாங்க, அது பூனை வேலையாச்சே, நாய் என்னத்த பண்ணும்னு. பூனையும் இருந்துச்சுங்க. சுண்டெலி, எலிக்குஞ்சுன்னா அடிச்சு தூக்கிரும், ஆனா தீவன ரூம்ல தின்னு கொழுத்த பெரிய எலி 300, 400 கிராம் இருக்கும், திரும்பி நின்னு கடிக்க வரும், அத பாத்தா எங்க பூனை ஏதோ ஞாபகம் வந்த மாதிரி வேற பக்கம் நடந்து போயிரும். நியூயார்க்ல ஒரு குப்பை மறுசுழற்சி இடத்துல 79 நாள் கேமரா வெச்சு பாத்து 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அங்க சுத்துன பூனைங்க கொன்னது ரெண்டே ரெண்டு எலி தானாம். அத படிச்சப்புறம் தான் எங்க பூனை மேல இருந்த கோவமே போச்சு.

நாய்ல ஒண்ணு ஜாக் ரஸ்ஸல் டெரியர் கலப்பு, கருப்பி. இன்னொண்ணு என்ன ஜாதின்னே சொல்ல முடியாத நீளக்கால் பய, மணி. டெரியர்னாலே வளையில இருக்கறத வெளிய தொரத்தறதுக்குன்னு வளத்த வகை, அதனால எலி கொல்ல நான் ஒண்ணும் சொல்லித்தரல. எத கொல்லக்கூடாதுன்னு சொல்லித்தரத்தான் உயிர் போச்சு. மூணு மாசம் கயித்துல கட்டி கோழிங்க நடுவுலயே நடக்க வெச்சேன், கோழிய பாத்து இழுத்தா நிறுத்திருவேன், என்னைய திரும்பி பாத்தா தடவி குடுப்பேன். இத ஒழுங்கா பண்ணாம அவுத்து விட்டா எலி இருக்கும், கோழி இருக்காது.

கருப்பி வேலை செய்யறத பக்கத்துல நின்னு பாக்கணும். பலகை அடுக்குக்கு கீழ மூக்க விட்டு புஸ் புஸ்ஸுன்னு இழுப்பா, திடீர்னு சத்தம் நிக்கும், முன்னங்கால் ஒண்ணு அப்படியே அந்தரத்துல, வால் குச்சி மாதிரி, தலை மட்டும் லேசா சாயும். அப்ப நான் பலகைய தூக்கணும். தூக்குனா அடுத்த நொடி முதுகுல கவ்வி ஒரே உதறல், அவ்ளோ தான், கீழ போட்டுட்டு அடுத்ததுக்கு போயிருவா. தப்பிச்சு வெளிய ஓடுறதுக்கு மணி அந்தப்பக்கம் நிப்பான். ஒரு நாயா இருந்தப்ப பாதி எலி பின்பக்கமா ஓடிரும், ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா தான் இது வேலைக்கு ஆகும்.

ஆனா மொத வருஷம் நான் ஏமாந்தது எங்கன்னா, நாய அவுத்து விட்டா போதும்னு நெனச்சது. தினம் நாலஞ்சு எலி வாசல்ல கெடக்கும், பெருமையா இருக்கும், அதே நேரம் தீவன மூட்டைல ஓட்டை விழறது நிக்கவே இல்ல. எலி கர்ப்பம் வெறும் மூணு வாரம், ஒரு ஈட்டுக்கு எட்டு குட்டி சாதாரணம், அந்த குட்டி ரெண்டு மூணு மாசத்துல தாயாகிரும், இதுல நாலஞ்சு போனா என்ன கணக்கு வரும் சொல்லுங்க. அதுவும் நாய் வெளிய சுத்துற நேரம் எலி வளைக்குள்ள உக்காந்துக்கும். ரெண்டாவது வருஷத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நாள் ஒதுக்கி பண்றோம். முந்தின நாள் சாயங்காலமே எல்லா பொந்தையும் மண் போட்டு லேசா மூடிருவேன், காலைல எது தொறந்து கெடக்கோ அங்க தான் குடித்தனம். ஒரு பொந்துல தண்ணி பைப்ப விட்டா மத்த பொந்து வழியா வெளிய வரும், அங்க நாய். அடுக்கு, மூட்டை எல்லாம் ஒவ்வொண்ணா நாமளே நகத்தணும், முதுகு விட்டுப்போகும். ஒரு முக்கியமான விஷயம், அந்த நேரத்துல யாரும் கம்ப சுத்தாதீங்க, எலிய விட நாய் மேல தான் படும். மூட்டைய எல்லாம் தரைய விட்டு ஸ்டாண்டு மேல ஏத்தி, தீவனத்த மூடி போட்ட இரும்பு டிரம்முக்கு மாத்துனதுக்கப்புறம் தான் நெஜமா கொறஞ்சுது.

இப்ப கெட்டது. நாயும் எலி மருந்தும் ஒரே எடத்துல இருக்கவே கூடாது. நான் நாய் வர்றதுக்கு முன்னாடி வெச்ச மருந்து, ரத்தம் உறையாம பண்ற வகை, மறந்தே போயிட்டேன். அத தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் தள்ளாடிட்டு சுத்தும், அத மணி புடிச்சு தின்னிருக்கான் போல. ரெண்டு மூணு நாள் கழிச்சு சோர்ந்து படுத்துட்டான், ஈறு வெள்ளக்காகிதம் மாதிரி, மூக்குல ரத்தம். டாக்டர் பாத்த ஒடனே மருந்து வெச்சீங்களான்னு தான் கேட்டார். வைட்டமின் கே1, நாலு வாரம் விடாம குடுத்து பொழச்சான். துத்தநாக பாஸ்பைடுன்னு இன்னொரு வகை எலி மருந்து இருக்கு, அதுவா இருந்திருந்தா மாத்து மருந்தே கெடையாது. அன்னிக்கு ராத்திரியே டார்ச் எடுத்துட்டு மூலை மூலையா தேடி மிச்சத்த எல்லாம் எடுத்தேன். பக்கத்து தோட்டத்துலயும் போய் சொல்லி வெச்சிருக்கேன், அவங்க மருந்து வெக்கிற வாரம் ரெண்டும் கட்டி தான் கெடக்கும்.

அப்புறம் எலிக்காய்ச்சல், லெப்டோ. எலி மூத்திரத்துல இருந்து நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு வருஷா வருஷம் லெப்டோ ஊசி, ரேபிஸ் ஊசி ரெண்டும் தப்பாம போடணும், லெப்டோ ஊசி எல்லா வகை கிருமிக்கும் காவல் இல்ல, அதனால எலிய தின்ன விடாம வாங்கிருவேன். செத்தத கையுறை போடாம தொடவே மாட்டேன், கால்ல ஒரு சின்ன வெட்டு இருந்தா கூட பூட்ஸ் இல்லாம அந்த ஈரத்துல எறங்க மாட்டேன். வேட்டை முடிஞ்சா மூஞ்சி, காது, உதடு தடவி பாத்து கழுவி விடுவேன், எலிக்கடி வெளிய ஊசி குத்துன மாதிரி தான் தெரியும், உள்ள சீழ் கோத்துக்கும். கருப்பிக்கு ஒரு தடவ கன்னம் எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கிருச்சு.

இப்ப கருப்பிக்கு கோரப்பல்லு ஒண்ணு ஒடஞ்சு போச்சு, மோப்பம் மட்டும் கொறையல. மூணாவதா ஒரு குட்டி கொண்டு வரணும், அவ இருக்கும்போதே வந்தா பாத்து பாத்து கத்துக்கும். ஆனா ரெண்டு பேரும் ஒரே எலிய கவ்விட்டா ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துட்டு நிக்கிறாங்க, அதுக்குள்ள நாலு எலி ஓடிருது, மூணு ஆனா என்ன கூத்து நடக்குமோ தெரியல.