எழுதுகிறவருக்கு வாரத்தில் ஒரு மாலை: எந்தக் கூட்டத்துக்குப் போவது?

வேலையும் வீட்டுப் பொறுப்புகளும் போக, எழுத்துக்கென்று வாரத்தில் ஒரு மாலையைத்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை எங்கே கழிப்பது? நூல் வெளியீட்டுக் கூட்டம், இலக்கிய விழா, திறந்த மேடை, சேர்ந்து உட்கார்ந்து எழுதும் குழு, கைப்பிரதி விமர்சன வட்டம் ஆகிய ஐந்துமே எழுதுகிறவர்களை வரச் சொல்லித்தான் அழைப்பு அனுப்புகின்றன. ஐந்துக்கும் போய் வந்தவன் என்ற முறையில், அவற்றை ஒப்பிட எனக்கு ஒரே ஒரு கேள்வி போதுமானதாக இருக்கிறது. அங்கே வந்திருப்பவர்களில் எத்தனை பேர், வருவதற்கு முன்பே, நான் எழுதிய பக்கங்களைப் படித்திருக்கிறார்கள்? மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் விடையை ஒட்டியே அமைகின்றன என்பது என் துணிபு.

வெளியீட்டுக் கூட்டத்தில் நூலை முன்கூட்டியே படித்திருப்பவர்கள் பேச அழைக்கப்பட்ட இரண்டு மூன்று பேர் மட்டுமே. அவர்களில் ஒருவர் அணிந்துரையை மட்டும் படித்துவிட்டு வந்திருப்பதும் உண்டு. அவர்கள் எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும், நூல் அச்சாகிவிட்டபடியால் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட அன்றைக்கு மாற்ற முடியாது. ஆகவே வெளியீட்டை எழுத்துப் பயிற்சிக்கான இடமாக நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நின்று பேசும் கால் மணி நேரத்துக்காகப் போகிறவர்களுக்கு அப்படி நேர்வதில்லை. பதிப்பாளர் யார், மெய்ப்புப் பார்ப்பவர் யார், எந்தச் சிற்றிதழ் புதியவர்களின் கதைக்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வாசலில்தான் தெரியவரும்.

இலக்கிய விழாக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ புத்தகத் திருவிழா 1983-இலும் வேல்ஸின் ஹே இலக்கியத் திருவிழா 1988-இலும் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவிய இந்த வடிவம், அடிப்படையில் வாசகர்களுக்காக அமைந்தது. எழுத்தாளர் அங்கே காட்சிக்கு உரியவர், எழுதத் தொடங்கியவரோ பார்வையாளர் வரிசையில் ஒருவர். மேடையேறுகிறவர்களின் நிலைகூட எல்லா இடத்திலும் சீராக இல்லை. ஆக்ஸ்போர்டு இலக்கிய விழாவின் புரவலராக இருந்த நாவலாசிரியர் ஃபிலிப் புல்மன், பேச வரும் எழுத்தாளர்களுக்கு ஊதியம் தரப்படுவதில்லை என்ற காரணத்தைச் சொல்லி 2016 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆண்டுக்கொரு முறை போய்வரலாம், வாரந்தோறும் கிடைக்கும் அந்த ஒரு மாலைக்கு இது போட்டியாளரே இல்லை.

யார் வேண்டுமானாலும் ஏறித் தம் எழுத்தைப் படிக்கும் திறந்த மேடையும் அதன் போட்டி வடிவமான கவிதை ஸ்லாமும் வேறு வகை. இங்கே உங்கள் பக்கத்தை யாரும் முன்பே படித்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில், உங்கள் கண்ணெதிரே, முதன்முறையாகக் கேட்பார்கள். சிகாகோவில் கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர், கவிதை வாசிப்புகள் சலிப்பூட்டுவதாக எண்ணி, 1980-களின் நடுவில் ஸ்லாம் வடிவத்தை உருவாக்கினார். 1986-இலிருந்து கிரீன் மில் என்ற இசை விடுதி அதன் நிலையான இடமாயிற்று. வழக்கமான விதிகளின்படி பார்வையாளர்களிலிருந்தே ஐந்து நடுவர்கள் பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள், ஒவ்வொருவரும் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் தருகிறார்கள், மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு மிஞ்சிய மூன்றும் கூட்டப்படுகின்றன. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சிறு சலுகைக்குப் பிறகு மதிப்பெண் குறையும். கவிதைக்கு மதிப்பெண் போடுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு, அந்த அபத்தத்தை வேண்டுமென்றே முன்னால் வைத்துத்தான் விளையாட்டே நடக்கிறது என்பது அங்கே ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் புரிந்துவிடும்.

இந்த மேடையிலிருந்து கிடைப்பது காது. எழுதும்போது சரியாகத் தெரிந்த ஒரு வரி வாய்க்குள் தடுக்குகிறது, சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்தில் நாற்காலிகள் அசையும் ஓசை கேட்கிறது, எதிர்பாராத ஓரிடத்தில் அறை நிசப்தமாகிறது. இந்தச் செய்திகளை வேறு எவரும் இவ்வளவு நேர்மையாகத் தர மாட்டார்கள். ஆனால் அறை ஏன் நிசப்தமாயிற்று என்பதற்கு அங்கே விளக்கம் கிடைக்காது. வரியின் வலிமையா, நீங்கள் மூச்சு வாங்கிய விதமா, முந்தைய கவிஞர் ஏற்படுத்திவிட்டுப் போன மனநிலையா என்று பிரித்தறிய வழியில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. தொடர்ந்து ஏறுகிறவர்கள் எந்த உச்சரிப்புக்கு, எந்த இடைநிறுத்தத்துக்குக் கைதட்டல் வரும் என்பதைக் கற்றுக்கொண்டு, அதற்கேற்ற கவிதைகளையே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். மேடையில் எடுபட்ட ஐந்து கவிதைகளைத் தாளில் தட்டச்சு செய்து ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்க்கும் பழக்கம் இதற்கு ஓரளவு மாற்றாக உதவுகிறது. உரைநடை எழுதுகிறவர்களுக்கு இந்த மேடை பெரிதாகப் பயன்படுவதில்லை, மூன்று நிமிடத்தில் ஒரு கதை தன் கதவைக்கூடத் திறந்திருக்காது.

சேர்ந்து உட்கார்ந்து எழுதும் குழுவில் எவரும் எவருடையதையும் படிப்பதில்லை. வந்தவர்கள் அன்றைக்கு என்ன எழுதப்போகிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் எழுதிவிட்டுக் கலைகிறார்கள். வீட்டில் தனியாகச் செய்யக்கூடியதை ஏன் பத்துப் பேர் கூடிச் செய்ய வேண்டும் என்று நானும் முதலில் கேலி செய்தவன்தான். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை எடுக்க ஏற்படும் கூச்சம் எவ்வளவு உதவுகிறது என்பது போய்ப் பார்த்த பிறகே தெரிந்தது. இந்த வழியின் பெரிய முன்மாதிரி, கிரிஸ் பேட்டி 1999-இல் 21 பேருடன் தொடங்கிய நாவல் எழுதும் மாதம். ஒரு மாதத்தில் 50,000 சொற்கள் என்பதே அதன் ஒரே நிபந்தனையாக இருந்தது, தரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை நடத்திய அமைப்பு மூடப்படுவதாக 2025-இல் அறிவித்துவிட்டது, ஆயினும் அது பழக்கிவிட்ட கூட்டெழுத்து முறைக்கு அந்த அமைப்பு தேவைப்படவில்லை. முதல் வரைவை முடிக்க முடியாமல் திணறுகிறவருக்கு விமர்சன வட்டத்தைவிட இதுவே ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். பாதியில் நிற்கும் நாவலின் முதல் அத்தியாயத்தைப் பிறரிடம் கொடுத்து, அவர்கள் சொன்னபடி அதையே மூன்று முறை திருத்தி, இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகாமலேயே அலுத்துப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

வரைவு முடிந்தவருக்கு என் தேர்வு கைப்பிரதி வட்டம்தான். ஆனால் வட்டம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு முறைகள் வழங்குவதால் அவற்றையும் ஒப்பிட்டாக வேண்டும்.

முதலாவது, உரக்கப் படிக்கும் முறை. ஆக்ஸ்போர்டில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் 1930-களிலிருந்து 1949 வரை வியாழக்கிழமை இரவுகளில் கூடிய ‘இன்க்லிங்ஸ்’ என்ற எழுத்தாளர் குழுவின் நண்பர்கள் இதைத்தான் பின்பற்றினார்கள். டோல்கீன் தன் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பெருங்கதையை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே படித்தார். லூயிஸ் அதற்குப் பெரும் ஊக்கம் தந்தார், ஹியூகோ டைசனுக்கோ அது பிடிக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் டைசன் இருக்கும் இரவுகளில் அதைப் படிக்காமல் விட்டுவிட வேண்டியதாயிற்று. நட்பை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட வட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. உரக்கப் படித்தால் உரையாடலில் உள்ள பொய் உடனே தெரியும், ஆனால் பத்தி அமைப்பில் உள்ள குழப்பத்தைப் படிப்பவரின் குரல் மூடி மறைத்துவிடும். தவிர, ஒருமுறை கேட்டதை வைத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் உள்ள முரணை எவரும் சுட்டிக்காட்ட முடியாது.

இரண்டாவது, முன்கூட்டியே படித்து வந்து முறைவைத்துப் பேசுவது. 1956-இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகியோர் தொடங்கிய அறிபுனை (அறிவியல் புனைகதை) எழுத்தாளர் சந்திப்பில் இந்த முறை உருப்பெற்றது. பிரதி கொடுக்கிறவர் மற்றவர்களின் பிரதிகளையும் படித்தாக வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது, எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. 1968-இல் தொடங்கிய ஆறு வாரக் கிளாரியன் பட்டறை இதே முறையைப் புதியவர்களுக்குக் கொண்டுசென்றது. அறிபுனை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970-இல் அங்கே பயின்றவர். 1936-இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகப் பட்டறையின் வழியாகக் கல்விக்கூடங்களில் பரவிய முறையிலும், எழுதியவர் மௌனமாக இருப்பது எழுதாத சட்டமாக இருந்துவந்தது.

அந்த மௌனத்தைப் பற்றிப் பிற்காலத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த நான்கு படி முறை, எழுத்துப் பட்டறைகளிலும் மாற்றாகப் புகுந்தது. முதலில் எது மனத்தில் நின்றது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள், பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார், அதன்பின் கேட்டவர்கள் உட்கருத்துத் திணிக்காத கேள்விகளை எழுப்புகிறார்கள், கடைசியாக, படைத்தவர் அனுமதித்தால் மட்டுமே அபிப்பிராயம் சொல்லப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூடும் வட்டத்துக்கும், தம் வாழ்க்கையை நேரடியாக எழுதுகிறவர்களுக்கும் இது கண்ணியமான வழி. எனினும் புனைகதைக்கு நான் பழைய மௌனத்தின் பக்கமே நிற்கிறேன். என் கதை அச்சில் வந்தால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல நான் இருக்கப்போவதில்லையே.

மௌனத்தின் பயனை நான் கண்டுகொண்டது ஒரு கதையின் ஐந்து பிரதிகள் திரும்பி வந்த இரவில். வீட்டுக்கு வந்து ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். மூன்று பேர் மூன்றாம் பக்கத்தின் அதே பத்தியில் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் "இது வேண்டாம், வெட்டிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார், இன்னொருவர் "இதை இன்னும் விரிக்கலாம்" என்று எழுதியிருந்தார், மூன்றாமவர் பென்சிலால் "இங்கே எழுந்து போய்விட்டேன், திரும்ப வர நாற்பது நிமிடம் ஆயிற்று" என்று மட்டும் குறித்திருந்தார். மருந்து சொன்னவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள், ஆனால் வலி எந்த இடத்தில் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. உண்மையில் பழுது அந்தப் பத்தியிலேயே இல்லை, அதற்கு ஒரு பக்கம் முன்னால் அம்மாவின் மரணத்தை நான் சொல்லாமல் விட்டிருந்ததுதான் கோளாறு. கூட்டத்திலேயே வாய் திறக்க விட்டிருந்தால், அந்தப் பத்தி ஏன் அவசியம் என்று வாதாடி வென்றிருப்பேன். கதை அப்படியே இருந்திருக்கும்.

வட்டத்தின் அளவு ரசனையைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள், அதில் எளிய கணக்கும் இருக்கிறது. ஆறு பேர் கொண்ட வட்டத்தில் ஒரு பிரதிக்கு ஐந்து பேர் ஐந்து நிமிடம் வீதம் பேச 25 நிமிடம், எழுதியவர் பதிலுக்கும் கலந்துரையாடலுக்கும் 15 நிமிடம் என்று வைத்தால் 40 நிமிடம் ஆகிறது. இரண்டு மணி நேரத்தில் இரண்டு பிரதிகளை மூச்சு முட்டாமல் பார்க்கலாம், ஒவ்வொருவர் முறையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். பன்னிரண்டு பேர் என்றால் ஒரே பிரதிக்கு 70 நிமிடம் பிடிக்கும், உங்கள் அடுத்த முறை வருவதற்குள் பன்னிரண்டு வாரம் ஓடிவிடும். புதியவர்களை மறுக்க மனமில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் வட்டங்கள் கலைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நான் இருந்த ஒரு வட்டம் வேறு காரணத்தால் கலைந்தது. உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு முறையும் நாற்பது பக்க நாவல் பகுதியைக் கொண்டுவருவார், மற்றவர்களின் ஆறு பக்கக் கதையைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கூட்டத்திலேயே புரட்டிப் பார்த்துக் கருத்தும் சொல்வார். யாரும் அவரிடம் நேரில் எதுவும் சொல்லவில்லை, நான் உட்பட. முதலில் ஒருவர் உடல்நிலையைக் காரணம் காட்டி நின்றார், பிறகு இன்னொருவர், நான்கு மாதத்தில் கூட்டமே இல்லை. பக்க வரம்பும், படிக்காமல் வந்தவர் அன்றைக்குப் பேசக் கூடாது என்ற விதியும் முதல் நாளே எழுதப்பட்டிருந்தால் அந்தச் சங்கடம் ஆளைப் பற்றியதாக ஆகாமல் விதியைப் பற்றியதாக முடிந்திருக்கும்.

ஏற்கெனவே நடக்கும் வட்டம் ஒன்று பக்கத்தில் இல்லாதவர்கள் வெளியீட்டுக் கூட்டத்தின் வாசலில் பேசிப் பழகியவர்களில் நான்கு பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஐந்து பக்கம் பரிமாறிக்கொண்டு பத்து நாள் கெடு வைத்துத் தொடங்கலாம். என்ன கருத்துச் சொன்னார்கள் என்பதை அந்தப் பத்து நாளில் பொருட்படுத்தத் தேவையில்லை. கெடுவுக்குள் படித்து, தாளின் ஓரத்தில் பென்சில் தடத்தோடு திருப்பிக் கொடுத்தவர் இரண்டு பேர் இருந்தாலும், மூவராக அடுத்த வாரமே உட்கார்ந்துவிடலாம்.