எடை குறைக்கப் போய் 6,800 ரூபாயை விட்டேன்: அந்த 'மூலிகை டீ'யில் இருந்தது நம்ம ஊர் அவுரி இலை

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிற அம்மாமார்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எனக்கு இது ஆரம்பித்ததே அந்த வாசலில்தான்.

நான் பாளையங்கோட்டை. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. பையன் மூன்றாம் வகுப்பு, மகள் யுகேஜி. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை, ஃபீஸ், சீட்டு எல்லாம் போக மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சினால் அதுவே பெரிது. மகள் பிறந்தபோது ஏறிய எடை இறங்கவே இல்லை. 154 சென்டிமீட்டர் உயரத்துக்கு 76 கிலோ. மாடிப்படி ஏறினால் முழங்கால் கடுக்கும். காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் இரவு பத்தரை வரை வேலை சரியாக இருக்கும். ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, துட்டும் இல்லை.

வாசலில் பழக்கமான ஒரு அக்கா, அவர்கள் பிள்ளையும் அதே பள்ளிக்கூடம், ஒரு நாள் கேட்டார்கள். "ஏன் இப்பிடி மூச்சு வாங்குதீங்க? எடை குறைக்கிற நம்ம சென்டருக்கு ஒரு நாள் வாங்க. சும்மா பாருங்க, துட்டு ஒண்ணும் வேண்டாம்."

போனேன். ஒரு மாடி அறை. எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி, மதியச் சாப்பாடும் கடையில் குடித்த டீயும் வயிற்றில் இருக்க எடை பார்த்தார்கள். இரண்டு கையாலும் பிடிக்கிற ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 33 வயசு, உங்க உடம்புக்கு 54 வயசு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா பிள்ளைகளை யாரு பாப்பா?" என்று கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்விதான் என்னைப் பணம் கட்ட வைத்தது. அந்த மெஷின் உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி ஒரு கணக்குப் போடுகிறது, முன்னால் தண்ணீர் குடித்திருந்தால்கூட அந்தக் கணக்கு மாறும், 'உடல் வயது' என்பது டாக்டர் கண்டுபிடித்துச் சொல்கிற நோய் இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

30 நாளைக்கு 6,800 ரூபாய். ஒரு பவுடர் டின், ஒரு மூலிகை டீ பாக்கெட். சீட்டுக்கு வைத்திருந்த நாலாயிரத்தை எடுத்தேன், மீதியை வீட்டுக்காரரிடம் வாங்கினேன். ஜிபேயில் ஒரு தனி ஆளுடைய நம்பருக்கு அனுப்பச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, "நம்ம ஒரு குடும்பம் மாதிரில்லா, பில் எதுக்கு?" என்றார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காலையில் இட்லிக்குப் பதில் பவுடர், இரவு படுக்கும்போது டீ. இரண்டாம் நாள் விடியற்காலையே வயிற்றைப் புரட்டியது. மூன்றாம் நாள் நாலு தடவை போனேன். சென்டரின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், "கழிவெல்லாம் வெளியேறுது, நல்லதுக்குத்தான்" என்று பதில். பத்தாம் நாள் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி எடை பார்த்தார்கள். 72.4. எல்லாரும் கை தட்டினார்கள், என்னைப் படம் எடுத்து குரூப்பில் போட்டார்கள். முதல் எடை சாயங்காலம், இந்த எடை விடியற்காலை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. சந்தோஷத்தில், கூட வேலை பார்க்கிற பிள்ளையிடமும் சொன்னேன். அவளும் பணம் கட்டினாள். அதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பதினாலாம் நாள் இரவு கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மறுநாள் கடையில் தலை சுற்றி, கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் திசையன்விளைப் பக்கத்திலிருந்து அப்பா வந்திருந்தார்கள். மேசையில் கிடந்த பாக்கெட்டைப் பிரித்து, இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். "ஏட்டி, இது அவுரில்லா? நம்ம விளையில போட்டு வியாபாரிட்ட கிலோ கணக்குல போடுதோமே. இதையா குடிக்க?"

பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் சென்னா என்று ஆங்கிலத்தில் இருந்தது. நம்ம பக்கம் அவுரி என்று சொல்கிற இந்த இலையின் ஆங்கிலப் பெயர் அது. வெளிநாட்டு வியாபாரத்தில் இதற்கு டின்னவேலி சென்னா என்றே பெயர். நம்ம திருநெல்வேலியின் பெயர்தான் அது. வறண்ட காட்டில் அதிகத் தண்ணீர் இல்லாமல் வளர்கிற செடி. அப்பா விற்கிற இலையை, படம் போட்ட பாக்கெட்டில் அவர் மகளே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

பாளை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பாக்கெட்டோடு போய்ச் சீட்டுப் போட்டோம். அங்கே இருந்த டாக்டரம்மா பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், இது நிலவாகை. சித்த மருத்துவத்தில் இதே இலைக்கு அதுதான் பெயர். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மருந்து, அதுவும் அளவாக, சில நாளைக்கு மட்டும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் குறைந்திருந்தது. கால் இழுத்ததும் தலை சுற்றியதும் அதனால்தான். அவர்கள் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சாப்பாட்டின் சத்தை உடம்பு சிறுகுடலிலேயே எடுத்துவிடுகிறது. இந்த இலை வேலை செய்வது அதற்கப்புறம் வருகிற பெருங்குடலில். அதனால் வெளியே போவது தண்ணீரும் உப்பும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் வந்து நானே கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. பத்து நாளில் 3.6 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால், ஒரு நாளைக்கு 2,700 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அவ்வளவு இருக்காது.

டீயை நிறுத்திய ஐந்தாம் நாள் எடை 75.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டின்னைத் திறந்தாச்சு, முடியாது என்றார்கள். அன்றைக்கே குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லை என்று சோர்ந்து போகாதீர்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது, பாக்கெட் எல்லாமே ஆதாரம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. உணவுப் பொருள் பாக்கெட்டில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் நான் வாங்கிய டீ பாக்கெட்டில் இல்லவே இல்லை. வாங்குவதற்கு முன்னால் அதை மட்டுமாவது திருப்பிப் பாருங்கள். உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் சும்மாவே பார்த்தார்கள், தைராய்டும் பார்க்கச் சொன்னார்கள். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். மகாராஜநகர் உழவர் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கீரையும் வெள்ளரிக்காயும் வாங்கிப் போடுகிறேன். சோறு பாதி, காய் இரண்டு பங்கு, கூட சுண்டலோ முட்டையோ. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வழித்துச் சாப்பிடுவதை நிறுத்தினேன். வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், அதனால் முதலிலேயே கொஞ்சமாகப் போடுகிறேன். சொதி வைக்கிற நாளில் சொதி உண்டு, அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கிடையாது. வேலை முடிந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறது. வாரம் ஒரு தடவை, ஒரே மெஷினில், ஒரே நேரத்தில்தான் பார்க்கிறேன்.

இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நானும் கடைப் பிள்ளையும் மனு கொடுக்கப் போகிறோம். பிரிக்காத ஒரு பாக்கெட் அவளிடம் இருக்கிறது. இதே மாதிரி டீ வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள்.