கொலைகாரனின் கதையா, கரும்புக்காட்டில் கிடந்தவளின் கதையா?

கரும்பு எரிக்கும் மாதங்களில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் ஃபீனிக்ஸில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட மாட்டார்கள். வெட்டுக்கு முன்னால் சோகைக்குத் தீ வைப்பார்கள். எரிந்த தோகை சுருண்டு, விரல் நீளக் கறுப்பு நூலாகக் காற்றில் மிதந்து வந்து துணியில் உட்காரும். கையால் தட்டினால் மை தடவியது போல இழுபடும். ஊதித்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் அந்தத் தோட்டம் தொடங்கியது.

1996, 97-ல் ஃபீனிக்ஸைச் சுற்றிய அதே மாதிரித் தோட்டங்களில் பெண்களின் உடல்கள் கிடைத்தன. வேலை வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டு, கரும்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்கவைத்து, கழுத்தை நெரித்துக் கொன்றவன் சிபோ த்வாலா. வெட்டுக்கு முந்திய தீ தடயங்களையும் சேர்த்து எரித்துவிட்டது. 1997 ஆகஸ்டில் பிடிபட்டான். 16 கொலைகளுக்கும் 10 பாலியல் வன்கொடுமைகளுக்கும் சேர்த்து 1999-ல் 506 ஆண்டுகள் தண்டனை விதித்தார்கள். பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரில் எங்கள் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. செத்துப்போன பெண்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் ஊரில் யாருக்கும் வாயில் வராது. எனக்கும் வராது.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து புத்தகம் பற்றிப் பேசுவோம். துணி ஆலையில் முப்பது வருஷம் தையல் மெஷினில் இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் போன மாதம் கேட்டார்: “தம்பி, தொடர் கொலைகாரனைப் பத்தி எழுதினதுலே உருப்படியா ஒண்ணு படிக்கணும். டிவியிலே காட்டறதெல்லாம் வேணாம். எதை எடுக்கட்டும்?” அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இந்த வகைப் புத்தகங்களில் கதையை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாலு வழிகள் உண்டு. நாலுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

முதல் வழி, கொலைகாரனே பேசுவது. தமிழர்களுக்கு இதில் எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. சென்னையில் ஆறு கொலைகளுக்குத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் வரலாற்றைச் சுமார் 300 பக்கம் எழுதி மனைவி மூலம் வெளியே கொடுத்தார் என்று சொல்லி, அதை வெளியிட நக்கீரன் முன்வந்தது. காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலர் தன்னோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பதும் அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. சங்கர் அப்படி எழுதவே இல்லை என்றது சிறைத்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு யார் சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டினால் தனியுரிமை மீறல் ஆகலாம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அதிகாரிகளுக்குக் கிடையாது என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் சங்கரைச் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இந்த வகையின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒரு வழக்கிலேயே தெரியும். கொலைகாரன் வாயைத் திறந்தால் மேலிடத்துக் கதவுகளும் திறக்கும். அவனைக் கண்டும் காணாமல் விட்டவர்கள் யார் என்று அவன்தான் சொல்ல முடியும். ஆனால் அவன் சொல்வதை எதை வைத்துச் சரிபார்ப்பது? எங்கள் நாட்டு மோசஸ் சிதோலேயைப் பாருங்கள். 1989-ல் பாலியல் வன்கொடுமைக்குச் சிறை போனான், 1993-ல் நன்னடத்தை என்று முன்னதாகவே விட்டார்கள். பிறகு அட்ரிட்ஜ்வில், பாக்ஸ்பர்க், கிளீவ்லாந்து என்று ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரங்களில் கொலைகள். 1997 டிசம்பரில் 38 கொலைகளுக்கும் 40 வன்கொடுமைகளுக்கும் 2,410 ஆண்டுகள் தண்டனை. அந்த முதல் வழக்கில் தன் மேல் பொய்ப்புகார் கொடுத்தார்கள், அந்தக் கோபத்தில்தான் கொன்றேன் என்பது அவன் சொன்ன கதை. இதை அப்படியே அச்சில் ஏற்றும் புத்தகம், புகார் கொடுக்கத் துணிந்த பெண்ணை 38 சாவுக்கும் காரணமாக்கிவிடுகிறது. படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

இதே மூலப்பொருளை ஒழுங்காகக் கையாண்டவர்களும் உண்டு. லண்டனில் 1983-ல் பிடிபட்ட டென்னிஸ் நில்சன், விசாரணைக் காவலில் எழுதித் தள்ளிய நோட்டுப் புத்தகங்களை வைத்துப் பிரையன் மாஸ்டர்ஸ் 1985-ல் ஒரு வரலாறு எழுதினார். கொலைகாரன் எழுதியதை அவர் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, மேலே தன் கேள்வியை எழுப்புகிறார். பேனா கொலைகாரன் கையில் இருந்தாலும் தராசு எழுத்தாளர் கையில் இருக்கிறது. அப்படி இருந்தால் இந்த வழிக்கு நான் எதிரி இல்லை.

இரண்டாவது வழி, துரத்திப் பிடித்தவர்கள் சொல்வது. தென்னாப்பிரிக்காவில் இந்த வழிதான் ஓங்கி நிற்கிறது. அதற்கு முக்கியக் காரணம் மிக்கி பிஸ்டோரியஸ். 1994-ல் காவல்துறையில் சேர்ந்து, குற்றவாளியின் மனப்போக்கை வைத்து ஆளைக் கணிக்கும் பணியில் இந்த நாட்டின் முதல் ஆளாக இருந்தவர். அவர் கைக்கு வந்த முதல் பெரிய வழக்கு கேப்டவுன் மிட்செல்ஸ் பிளெய்னில் சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கு. ஆறு வருஷத்துக்குப் பிறகு உடைந்துபோய் வேலையை விட்டார், 2000-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்பதை இந்த வகைப் புத்தகம்தான் சொல்லிக்கொடுக்கும்: புதரில் கிடைத்த உடல்கள் இரண்டும் ஒரே கை செய்த வேலை என்று எப்படி முடிவுக்கு வருகிறார்கள், பக்கத்து மாவட்ட போலீஸிடம் இருக்கும் கோப்பு ஏன் இங்கே வந்து சேர்வதில்லை, அழுகிய உடலின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த மனுஷிக்குப் பிறகு தூக்கம் வருமா.

குறை எங்கே என்றால், பிடித்தவர் எழுதும்போது பிடித்ததுதான் கதையின் உச்சம். பிடிக்காமல் போன மாதங்கள் சுருங்கிவிடும். அந்த மாதங்களில்தான் பெண்கள் செத்தார்கள். சிதோலே வழக்கையே எடுங்கள். 1994 டிசம்பரில் கிளீவ்லாந்து கொலைகளுக்கு வேறொருவரைப் பிடித்தார்கள். கொலை நடந்த இடத்தைக் காட்ட அழைத்துப் போனபோது போலீஸ் சுட்டு அவர் இறந்தார். கொலைகள் நிற்கவில்லை. 1995 செப்டம்பரில் பாக்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு சுரங்கத்தை ஒட்டி ஒரே இடத்தில் பத்து உடல்கள். இடையில் இருக்கும் அந்த ஒன்பது மாதத்தை ஒரு புத்தகம் எத்தனை பக்கத்தில் சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

பிஸ்டோரியஸிடம் எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. அவர் ஃபிராய்டு வழியில் போகிறவர், கொலையின் வேரைப் பிஞ்சு வயதில் தேடுகிறார். தகப்பன் இல்லாமல், தாய் கைவிட்டு, அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நிறவெறிச் சட்டங்கள் குடும்பங்களைப் பிய்த்துப் போட்ட நாடு இது. அவர்களில் அநேகமாக எல்லாரும் காலையில் எழுந்து மினிபஸ் டாக்ஸி பிடித்து வேலைக்குப் போகிறார்கள். அதனால் குழந்தைப்பருவ அத்தியாயம் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிவிட்டு, ‘அதனால்தான்’ என்ற சொல்லைப் போடாமல் நிறுத்தத் தெரிய வேண்டும்.

மூன்றாவது வழி, கொலைகாரனோடு பழகியவர் எழுதுவது. இதில் அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரூலுக்கு மேலே யாரும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி மையம் ஒன்றில், பின்னால் தொடர் கொலைகாரன் என்று தெரியவந்த டெட் பண்டியும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தார்கள். பிறகு, யாரென்று தெரியாத ஒரு கொலைகாரனைப் பற்றி எழுத ஒப்பந்தம் போட்டார். அது தன் நண்பன்தான் என்பது பின்னால் தெரிந்தது. நல்லவனாகத் தெரிந்தவனை நம்பியது தப்பா என்ற அவருடைய தவிப்பு உண்மையானது. ஆனால் இப்படி ஒரு புத்தகம் வருவது தற்செயல். ரூல் போன வழியைப் பார்த்துவிட்டு, சிறைக்கு நாலு கடிதம் எழுதி ‘நண்பர்’ ஆகி எழுதுகிறவர்களை நான் தொடுவதில்லை.

நாலாவது வழி, இறந்தவர் பக்கம் நின்று சொல்வது. 1888-ல் லண்டன் வைட்சேப்பலில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் உலகம் கொலைகாரன் யார் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. இவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொலை நடக்கும் கணத்தையும் விவரிக்கவில்லை. பிறப்புப் பதிவு, பள்ளிப் பதிவு, ஏழைகள் விடுதிப் பதிவு என்று தேடி, ஐந்து பேரின் ஆயுசையும் எழுதியிருக்கிறார். ஐவரும் பாலியல் தொழிலாளிகள் என்று வழிவழியாகச் சொல்லிவந்ததற்கு, மூவர் விஷயத்தில் ஆதாரமே இல்லை என்று காட்டுகிறார். படித்து முடித்த பிறகு அந்தப் பெண்களின் முகம்தான் மனதில் நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்வதில் நியாயமானது ஒன்று உண்டு: கொலைகாரனை முழுக்க மறைத்துவிட்டால், அவன் எப்படி இத்தனை நாள் வெளியே திரிந்தான் என்ற கேள்வியும் சேர்ந்து மறைந்துவிடும். லண்டன் கொலைகாரன் யாரென்றே தெரியாததால் ரூபன்ஹோல்டுக்கு அது தடையாகவில்லை. எங்கள் ஊர் விஷயம் அப்படியில்லை. த்வாலா 1994-லேயே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் நீதிமன்றம் ஏறி விடுதலையானவன். பிறகு கரும்புக்காட்டுக் கொலைகளில் அவனைக் காட்டிக்கொடுத்தது டிஎன்ஏ. அந்த 1994-க்கும் 1997-க்கும் நடுவே நடந்ததைத் தேதி தேதியாகச் சொல்லாத புத்தகம், பெண்களைப் பற்றி எவ்வளவு அன்பாக எழுதினாலும் பாதிப் புத்தகம்தான்.

எந்த வழியானாலும் நான் சமரசம் செய்துகொள்ளாத ஒன்று எண்ணிக்கை. மிட்செல்ஸ் பிளெய்ன் வழக்கில் 22 கொலைகள் பேசப்பட்டன. அதில் பிடிபட்ட நார்மன் சைமன்ஸ் தண்டனை பெற்றது ஒரே ஒரு கொலைக்கு. 2023-ல் பரோலில் வெளியே வந்தார். ‘22 பேரைக் கொன்றவர்’ என்று அட்டையில் அச்சிடும் புத்தகம், தீர்ப்பில் இல்லாததைச் சொல்கிறது. மீதிப் பிள்ளைகளைக் கொன்றது யார் என்று கேட்க இன்னும் காத்திருக்கும் பெற்றோரின் கேள்வியையும் அது சத்தமில்லாமல் மூடிவிடுகிறது. எங்கள் நாட்டு டெய்சி டி மெல்கர் கதையும் இதே மாதிரி. இரண்டு கணவர்கள், ஒரு மகன் என மூன்று கொலைக்கு வழக்கு நடந்தது. நிரூபணமானது மகனுக்கு ஆர்செனிக் விஷம் கொடுத்தது மட்டும். அதற்குத்தான் 1932 டிசம்பர் 30-ல் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் ஊர் வாயில் அவர் ‘மூவரைக் கொன்றவர்’. அந்த வழக்கில் நல்ல எழுத்தாளர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் மருந்துக்கடை. விஷப் பதிவேட்டில் முந்திய கணவர் வழிப் பெயரைப் போட்டு, நோய்ப்பட்ட பூனைக்கு என்று சொல்லி வாங்கிப்போன பெண்ணைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து அடையாளம் சொன்னார் கடைக்காரர். அந்தப் பதிவேட்டு வரியைக் காட்டுகிறவர் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. சமையலறையில் அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டு கலக்கினார் என்று எழுதுகிறவர் மேல் வருவதில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, கரும்புக்காடு என்றதும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அந்த வருஷம் எங்க லைனிலே பக்கத்து இனாண்டா ஊர்ப் பொண்ணு ஒருத்தி பட்டன் தைக்கும். சாயங்காலம் மணி அடிச்சதும் நாங்க எல்லாம் அதுகிட்டே ‘குறுக்கு வழியிலே போகாதே, பஸ்ஸிலே போ’ன்னு சொல்லுவோம். ‘பஸ்ஸுக்குக் காசை நீ குடு அக்கா’ன்னு சிரிக்கும். நாங்களும் சிரிப்போம், ஆனா ஒரு நாளும் குடுக்கலே.” அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆலையை மூடும் வரை வேலை பார்த்தது என்றும் சொன்னார். ஆனாலும் சொல்லும்போது குரல் கம்மியது.

ஃபீனிக்ஸ் வழக்குக்கு நான் தேடும் புத்தகம் அந்தப் பஸ் காசில் தொடங்க வேண்டும். அந்தப் பெண்கள் ஏன் முன்பின் தெரியாத ஆளோடு கரும்புக்குள் நடந்தார்கள்? வேலை என்றான், வேலை தேவைப்பட்டது. அப்படி வந்தவர்கள் தேடிய வேலை, எங்களைப் போன்றவர்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலையாகவும் இருந்திருக்கும். எங்கள் பாட்டன் பூட்டன் 1860 முதல் கப்பலில் வந்து வெட்டிய கரும்பு பற்றி நாங்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், கோயில் மலரில் வருஷா வருஷம் எழுதுகிறோம். அதே கரும்புக்குள் கிடந்தவர்களைப் பற்றித் தமிழில் நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

ஆகவே என் தேர்வு இது. ஒன்றே ஒன்றுதான் என்றால் நாலாவது வழி, ரூபன்ஹோல்ட். இரண்டு என்றால் கூடவே பிஸ்டோரியஸ்: தென்னாப்பிரிக்கத் தெருவும் போலீஸ் நிலையமும் அதில் இருக்கின்றன, ஃபிராய்டு வரும் இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். எழுத ஆசைப்படுகிற இளையவர்கள் மாஸ்டர்ஸைக் கட்டாயம் படிக்க வேண்டும், கொலைகாரனின் சொல்லை எட்டத்தில் வைத்துப் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள. சங்கர் விவகாரத்தைப் படிக்கிறவர்கள் அந்த 1994 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ரூலை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அவசரமில்லை.

அக்கா ரூபன்ஹோல்டை எடுத்துப்போனார். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும், இரண்டு மாதம் ஆகும் என்றார். திருப்பித் தரும் தேதியை நான் எழுதிக்கொள்ளவில்லை.