பிங் ஜி425 மேக்ஸ் டிரைவரும் செவன் வுட்டும்: 14 மாதம் அடித்த பிறகு

கோல்ஃபில் என் ஸ்விங் வேகம், அதாவது மட்டையைச் சுற்றும் வேகம், மணிக்கு 86 மைல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஒரு எண்ணைப் பொறுத்ததுதான். வயது 57, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 19, கோவையில் சின்னதாக ஒரு பம்ப் பட்டறை, வாரத்தில் இரண்டு காலை செட்டிபாளையத்தில் ஆட்டம். 105 மைல் வேகத்தில் சுற்றுகிற பையன்களுக்குக் கணக்கே வேறு. 80க்கும் 90க்கும் நடுவில் இருப்பவர்கள் படித்தால் இரண்டு வருஷமாவது மிச்சமாகும் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வருஷம் போயிற்று. முன்பு வைத்திருந்த டிரைவர் (முதல் அடிக்கான நீண்ட மட்டை) 9 டிகிரி லாஃப்ட் (பந்தில் படும் முகத்தின் சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான கம்பு). வாங்கிய கடையில் என்னை ஒரு பந்துகூட அடிக்கச் சொல்லவில்லை. "புரோக்கள் எல்லாரும் இதைத்தான் அடிக்கிறாங்க சார்" என்றார்கள், நானும் எடுத்து வந்துவிட்டேன். பந்து தாழப் புறப்படும், 120 யார்டு தாண்டியதும் வலது பக்கம் வளையும், மரத்தடியில் போய் விழும். குறை என் ஸ்விங்கில்தான் என்று நினைத்துப் பயிற்சிக்குப் போனேன், தோளைத் திருப்பினேன், கிரிப்பை மாற்றினேன். ஒரு நாள் என் பையைத் தூக்கி வரும் கேடி தம்பி, பத்தாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில் வைத்து மெதுவாகச் சொன்னான்: "சார், நீங்க நல்லாத்தானுங்க சுத்தறீங்க. லாஃப்ட்டு பத்தலைங்க."

அடுத்த மாதம் வேலை விஷயமாக பெங்களூரு போனபோது லாஞ்ச் மானிட்டர் (பந்தின் கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மெஷின்) வைத்திருந்த ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் பணம் கட்டி அடித்தேன். பழைய டிரைவரில் பந்து 8 டிகிரி கோணத்தில் கிளம்பி, தரையைத் தொடுமுன் 172 யார்டு போனது. அங்கே சோதனைக்கு வைத்திருந்தது பிங் கம்பெனியின் ஜி425 மேக்ஸ் டிரைவர், 10.5 டிகிரி, ரெகுலர் ஷாஃப்ட் (விறைப்புக் குறைந்த கம்பு). அதே ஆள், அதே ஸ்விங், அதே 86 மைல். கோணம் 13 டிகிரி, கேரி (தரையைத் தொடுமுன் போன தூரம்) 193 யார்டு. கேடி தம்பி கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் அந்த மெஷின் எண்ணாக எழுதிக் காட்டியது.

இது 2021இல் வந்த மாடல். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டனவே, பழசை ஏன் வாங்கினாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். டிரைவர் தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக்கூடாது என்பது 2004 முதல் விதி. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வரம்பை எப்போதோ தொட்டாயிற்று. நட்ட நடுவில் பட்ட பந்துக்குப் புது டிரைவர் கூடுதலாகச் செய்வது மிகக் கொஞ்சம். நடுவை விட்டு விலகிப் பட்ட பந்து எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் இந்தக் காலத்து டிரைவர்கள் உண்மையாக முன்னேறியிருக்கின்றன.

பட்டறைக்காரனுக்கு இது எளிதில் புரிந்துவிடும். ஆயில் இன்ஜினின் ஃப்ளைவீலில் கனத்தை அச்சுக்குப் பக்கத்தில் வைக்காமல் விளிம்பில் வைக்கிறோம். அப்போதுதான் இடையில் ஏதாவது தட்டினாலும் வேகம் குலையாது. டிரைவர் தலையிலும் அதே தத்துவம். ஜி425 மேக்ஸில் தலையின் பின்கோடியில் 26 கிராம் டங்ஸ்டன் வைத்திருக்கிறார்கள். ஈயத்தைவிடக் கனமான உலோகம் அது. பந்து முகத்தின் ஓரத்தில் பட்டாலும் தலை திருகிக்கொள்வதில்லை. என் கணக்கில், அரை அங்குலம் விலகிப் பட்ட பந்துகள் பழைய டிரைவரில் மரத்தடிக்குப் போனவை, இப்போது ரஃபின் (ஓரத்து நெடும்புல்லின்) ஓரத்தில் நிற்கின்றன. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

அந்த எடையை மூன்று இடங்களில் பூட்டலாம்: டிரா (பந்து இடது பக்கம் வளைய), நடு, ஃபேட் (வலது பக்கம் வளைய). நான் டிராவில் வைத்திருக்கிறேன். ஹோசலை (தலையும் கம்பும் சேரும் கழுத்தை) கழற்றித் திருப்பி லாஃப்டை ஒன்றரை டிகிரி வரை ஏற்றவும் இறக்கவும் முடியும். ஏற்றினால் முகம் லேசாக இடது பக்கம் மூடும், ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைய) அடிப்பவர்களுக்கு அது நல்லதே. நான் ஒரு டிகிரி ஏற்றி வைத்திருக்கிறேன். சத்தம் கொஞ்சம் உரக்கத்தான் கேட்கும். எனக்குப் பிடித்திருக்கிறது, சரியாகப் பட்ட பந்து காதிலேயே தெரிந்துவிடுகிறது.

இனி நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வாங்கிய முதல் வாரம் பயிற்சி ரேஞ்சில் டிரைவர் முகம் முழுக்க சாக்பீஸ் தேய்த்துவிட்டு அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பந்தும் வெள்ளையில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வட்டமாகத் தடம் விட்டது. பத்துப் பந்தில் ஏழு தடம் ஹீல் பக்கம் (முகத்தில் கம்பை ஒட்டிய ஓரம்), அதுவும் நடுவுக்குக் கீழே, திராட்சைக் கொத்துப் போல ஒன்றன்மேல் ஒன்றாக. ஹீலில் பட்ட பந்து வலது பக்கம் சுழன்றுதான் தீரும். வேறு எதையும் மாற்றாமல் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தேன். 45.25 அங்குலக் கம்பு 44.25 ஆகிவிட்டது, அவ்வளவுதான். துடைத்துவிட்டுத் திரும்பத் தேய்த்து அடித்தால் பத்தில் ஆறு தடம் நடுவில். தூரம் குறையும் என்று பயந்தேன், சராசரியில் கூடியது. இன்றுவரை அப்படித்தான் பிடிக்கிறேன். ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டாம், வெட்டினால் தலையின் கனம் கையில் தெரியாமல் போய்விடும். இறக்கிப் பிடித்தாலே போதும்.

தடம் கீழே விழுந்ததற்குக் காரணம் டீ, அதாவது பந்தை உயர்த்தி வைக்கும் சின்ன முளை. தாழ வைத்திருந்தேன். டிரைவரைப் பந்துக்குப் பின்னால் ஊன்றினால் பாதிப் பந்து தலையின் மேல் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்க வேண்டும். அப்போது தலை தாழ்ந்து வந்து மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் பந்தைச் சந்திக்கும்.

ஃபேர்வே வுட்டில், அதாவது ஃபேர்வே என்கிற வெட்டிய புல்தரையிலிருந்து அடிக்கும் மட்டையில், இந்த வசதி கிடையாது. பந்து தரையில் கிடக்கும். த்ரீ வுட் 15 டிகிரி, நம் வேகத்துக்கு அது பந்தைப் போதுமான உயரத்துக்குக் கிளப்பாது. நான் த்ரீ வுட்டோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாலு அடியில் ஒன்று 170 யார்டு போகும், மற்ற மூன்றும் தரையோடு தரையாக ஓடும். அந்த ஒரு அடியின் நினைப்பில்தான் அதைப் பையை விட்டு எடுக்காமல் இருந்தேன்.

ஜி425 மேக்ஸ் வரிசையில் த்ரீ வுட் 14.5, ஃபைவ் வுட் 17.5, செவன் வுட் 20.5 டிகிரி. செவன் வுட் வாங்கினேன். கம்பு 42 அங்குலம், த்ரீ வுட்டைவிட ஒரு அங்குலம் குட்டை. முதல் நாளே பத்தில் எட்டு பந்து கிளம்பியது. 155 முதல் 160 யார்டு, உயரப் போய் மெத்தென்று விழுகிறது. கிரீனில் (குழியைச் சுற்றிய மழமழப்பான புல்தரையில்) விழுந்த பந்து கிரீனிலேயே நிற்கிறது. நீண்ட அயர்ன்களில் (மெல்லிய இரும்புத் தலை மட்டைகளில்) எனக்கு ஒரு நாளும் நடக்காத காரியம் இது. ரஃபிலிருந்தும் எடுக்க முடிகிறது.

அடிப்பதில் ஒன்றுதான் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் இங்கே ஃபேர்வே காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். அயர்னைப் போலப் பந்தின்மேல் கொத்தினால் அடிப்பாகம் தரையில் மோதி எம்பிவிடுகிறது. கேடி தம்பி சொல்வதுதான் முறை: "வாசல் கூட்டற மாதிரிங்க சார், தோண்டாதீங்க." பந்தை இடது குதிகாலிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைத்து, புல்லின் நுனியை மட்டும் கூட்டிக்கொண்டு போவேன். மண் பெயரக் கூடாது, புல் கலைந்தால் போதும்.

காற்று வந்தால் செவன் வுட் திணறும், இதையும் சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற மேல்காற்று கோவையில் எல்லாருக்கும் தெரிந்ததே. எதிர்காற்றில் செவன் வுட் பந்து மேலே போய் அப்படியே நின்றுவிட்ட மாதிரி விழும், 160 யார்டு 130 ஆகிவிடும். அந்த இரண்டு மாதமும் ஃபைவ் வுட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஊட்டியில் ஆடியபோது நேர்மாறு. ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் அதே அடி பத்துப் பன்னிரண்டு யார்டு கூடுதலாகப் போகிறது. அங்கே தப்பினால் பந்து முட்புதருக்குள், தேடுவது வீண்.

நான் முதன்முதலில் தொட்ட வுட், வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவர் கொடுத்தது. நிஜமான மரம், கருங்காலிக்கு உறவான பெர்சிமன். தலை ஒரு கைக்குள் அடங்கும். அதன் ஓரத்தில் பட்டால் முழங்கை வரை அதிரும். இப்போது என்னிடம் இருக்கும் டிரைவரின் தலை அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் பெரிது, முழுக்க உலோகம், பெயர் மட்டும் வுட் என்றே நிற்கிறது.

இரண்டையுமே பழையதாக வாங்கினேன்: டிரைவர் 27,000, செவன் வுட் 16,000 ரூபாய். பழையதாக வாங்குபவர்கள் ஹோசலில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணைப் பாருங்கள், கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள். போலிகள் நிறையவே சுற்றுகின்றன. முகத்தில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பாருங்கள், தலையைக் காதோடு ஆட்டி உள்ளே ஏதாவது கிலுகிலுக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், குறைந்தது இருபது பந்து அடித்துப் பாருங்கள். அடிக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

என் பழைய த்ரீ வுட் இப்போது நண்பரின் மகனிடம் இருக்கிறது. 24 வயது, 104 மைல் வேகம், ஃபேர்வேயிலிருந்து 220 யார்டு அடிக்கிறான். நான் அடுத்து அதே வரிசையில் 23.5 டிகிரி நைன் வுட் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஃபைவ் அயர்னும் பையிலிருந்து வெளியே போய்விடும்.