மூன்று விண்ணப்பம், ஒரு கிராண்ட்: எங்கள் வட்டார சமூக அறக்கட்டளைக்கு ஐந்துக்கு மூன்றரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த ஒன்றரை எங்கே போனது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன்னால் அங்கே கிராண்டை, அதாவது மானியத்தை, கவனிக்கும் அதிகாரிக்கு ஒரு போன் போடுங்கள். அதைச் செய்யாமல் நாங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

பழைய சக்கர நாற்காலிகளை வாங்கிப் பழுதுபார்த்து, தேவைப்படுகிறவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பு எங்களுடையது. சம்பளம் வாங்குகிறவர் ஒரே ஒருவர், மெக்கானிக். மற்ற எல்லோரும் தன்னார்வலர்கள். நான் கணக்கு எழுதுகிறேன், கணக்கு எழுதுகிறவனுக்கு விண்ணப்பமும் எழுத வரும் என்று யாரோ முடிவு செய்ததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அறக்கட்டளையின் பெயரைப் போடவில்லை. அடுத்த சுற்றிலும் அவர்கள் வாசலில்தான் போய் நிற்கப்போகிறோம், அதுவும் ஒரு காரணம்.

இந்த மாதிரி அறக்கட்டளையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. ஒரு குடும்பமோ கம்பெனியோ தன் பணத்தைப் போட்டு நடத்தும் அறக்கட்டளை வேறு. இது, ஒரு வட்டாரத்தில் இருக்கும் பலபேர் கொடுத்த பணத்தைச் சேர்த்து முதலீடு செய்து, அதிலிருந்து வருடா வருடம் அந்த வட்டாரத்துக்கே கொடுப்பது. 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபிரெட்ரிக் காஃப் என்ற வங்கிக்காரர் ஆரம்பித்ததுதான் இந்த வகையில் முதலாவது. உயில் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களின் பணம், அவர்கள் சொன்ன நோக்கத்துக்குத் தேவையே இல்லாமல் போன பிறகும் அதிலேயே முடங்கிக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அந்தந்தக் காலத்தில் எது தேவையோ அதை உள்ளூர்க் குழு ஒன்று முடிவு செய்யட்டும் என்றார். கனடாவின் வின்னிபெக்கில் 1921-இல் தொடங்கிய அறக்கட்டளைக்கு முதல் நன்கொடை 1,00,000 டாலர், அலோவே என்ற வங்கிக்காரர் கொடுத்தது. 1924-இல் வந்த அடுத்த நன்கொடை ஓர் உறைக்குள் 3 தங்க நாணயங்கள், மொத்தம் 15 டாலர், கொடுத்தவர் பெயர் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் போயின.

ஒரே பெட்டி என்றுதான் நாங்களும் நினைத்தோம். பெரிய உண்டியல் ஒன்று இருக்கிறது, நல்ல காரியம் என்று சொன்னால் கையை விட்டு எடுத்துக் கொடுப்பார்கள் என்று. உள்ளே எட்டிப் பார்த்தால் அஞ்சறைப் பெட்டி மாதிரி அறை அறையாக இருக்கிறது. சில நிதிகள் இன்ன அமைப்புக்குத்தான் என்று கொடுத்தவரே எழுதி வைத்தவை, அதில் நமக்கு வேலையே இல்லை. சிலவற்றில் நன்கொடையாளர் உயிரோடு இருந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைப்பார், நியூயார்க்கில் 1931-இலேயே இந்த முறை வந்துவிட்டது. அதற்கெல்லாம் பொதுவாக விண்ணப்பப் படிவம் கிடையாது, அவர் காதில் நம் பெயர் விழ வேண்டும், அவ்வளவுதான். இன்னும் சில, முதியோர் நலன், குழந்தைகள் படிப்பு என்று துறை மட்டும் குறித்து விடப்பட்டவை. எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்த பணம்தான் மிச்சம். நாம் போட்டியிடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு அறைகளுக்கு. அதிலும் அசல் தொகையில் கைவைக்க மாட்டார்கள், 100 பங்கு இருந்தால் வருடத்துக்கு 4, 5 பங்குதான் வெளியே வரும். இணையதளத்தில் போட்டிருக்கும் மொத்தச் சொத்து மதிப்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு விண்ணப்பிக்கப் போனவர்கள் நாங்கள்.

முதல் விண்ணப்பம் இப்போது படித்தால் கூசுகிறது. மாற்றுத்திறனாளிகளின் துயரம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பட்டறை பற்றி நாலு வரி. கேட்டது என்ன தெரியுமா? நாலு மாத வாடகை பாக்கி. ஏற்கெனவே செலவான பணத்துக்கும் கடனை அடைக்கவும் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் அநேகமாகக் கொடுப்பதில்லை, வழிகாட்டுக் குறிப்பின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது, தனிநபர் உதவி, கட்சிப் பிரசாரம், மதப் பிரசாரம் இதற்கெல்லாம் கிடையாது என்ற வரிசையில். நான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் பதினோரு வாரம் கழித்து, விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால் வருந்துகிறோம் என்று இரண்டு வரி மெயில் மட்டும் வந்தது. தகுதியே இல்லாத செலவைக் கேட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துவிடும்? முதல் அரை மதிப்பெண் இங்கே போனது.

அடுத்த சுற்றுக்கு முன்னால் எங்கள் தலைவர்தான் சொன்னார், மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்காமல் போன் பண்ணிக் கேளுங்களேன் என்று. பண்ணினேன். அதிகாரி 20 நிமிடம் பேசினார். நான் எங்கள் நோக்கத்தை விளக்க ஆரம்பித்ததும், "அது இருக்கட்டும், உங்களிடம் நாற்காலி வாங்கிப் போகிறவர்கள் எங்கெங்கிருந்து வருகிறார்கள்?" என்று கேட்டார். இரவல் பதிவேட்டில் மூன்றாவது கட்டம் முழுக்க முகவரிதான், அதை நாங்கள் என்றைக்குமே எண்ணிப் பார்த்ததில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டி விரல் விட்டு எண்ணினேன், அந்தப் பக்கத்தில் 22 பேர், அதில் 3 பேர் அவர்கள் வட்டார எல்லைக்கு வெளியே. "அந்த மூன்று பேருக்கு வேறு பணத்தில் கொடுங்கள், எங்கள் பணம் எல்லையைத் தாண்ட முடியாது" என்றார். அடுத்த கேள்வி, எத்தனை நாற்காலி திரும்பி வருகிறது? எனக்குத் தெரியவில்லை. கடைசியாக, நீங்கள் ஏன் பொது நிதியில் வந்து நிற்கிறீர்கள், நடமாட்டம் சம்பந்தப்பட்ட வேலைக்கென்றே ஒருவர் விட்டுச் சென்ற நிதி இருக்கிறது, அதற்குப் போட்டி குறைவு என்று சொன்னார். இந்தத் தகவல் இணையதளத்தில் எங்கேயோ ஒரு பிடிஎஃப் கோப்பில் இருக்கிறது, யார் தேடுவது? இந்த அதிகாரி இல்லாவிட்டால் நான் போடும் மதிப்பெண் இரண்டுதான்.

சரி, இரண்டாவது விண்ணப்பம். முதலில் ஒரு பக்க விருப்பக் கடிதம் அனுப்பச் சொல்கிறார்கள், அதில் தேறினால்தான் முழுப் படிவம். இது நல்ல ஏற்பாடு, தேறாதவர்களுக்கு ஒரு மாத உழைப்பு மிச்சம். முழுப் படிவத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் 1,500 எழுத்து வரம்பு, இடைவெளியும் எழுத்தாகக் கணக்கு. அரை மணி நேரம் கை வைக்காமல் இருந்தால் போர்டல், அதாவது விண்ணப்பம் நிரப்பும் இணையப் பக்கம், வெளியே தள்ளிவிடும், எழுதியது போய்விடும். ஒருமுறை போனது. அதற்கப்புறம் தனிக் கோப்பில் எழுதி ஒட்டினேன். இதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, எல்லா போர்டலும் அப்படித்தான் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல், இந்த வருட பட்ஜெட், இதெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் ராத்திரி தேடினால் சான்றிதழ் கண்டிப்பாகக் கிடைக்காது.

பட்ஜெட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படிப்பவர்கள் முதலில் திறப்பது அதைத்தான் என்று அந்த அதிகாரியே சொன்னார். இரண்டு கட்டம்: திட்டத்தின் மொத்தச் செலவு, அதில் இவர்களிடம் கேட்பது. மீதி எங்கிருந்து வரும், எது கையில் வந்துவிட்டது, எது வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். வாடகை, கரண்ட் எல்லாவற்றையும் காட்டினால் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து நான் மறைத்துவிட்டேன், பட்டறை காற்றில் மிதப்பது போல இருந்தது பட்ஜெட். நிர்வாகச் செலவுக்கு ஒரு விழுக்காடு வரை அவர்களே அனுமதிக்கிறார்கள், கேட்காவிட்டால் அனுபவம் இல்லாதவர்கள் என்றுதான் நினைப்பார்களாம். தன்னார்வலர்களின் நேரத்தையும் மணிக்கணக்காகப் போட்டு நம் பங்களிப்பாகக் காட்டலாம். அப்புறம், "இதர செலவுகள்" என்று ஒரு பெரிய தொகை போடாதீர்கள். முன்சக்கர பேரிங் இத்தனை, டயர் டியூப் இத்தனை, சீட் துணி இத்தனை என்று போட்டபோதுதான் எங்களுக்கே ஒரு நாற்காலிக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்தது.

இரண்டாவதும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை காரணம் கேட்டேன், சொன்னார்கள். 'எத்தனை நாற்காலி கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், கொடுத்ததால் யாருக்கு என்ன ஆனது என்று எழுதவில்லை.' எரிச்சலாக இருந்தது. நாற்காலி கிடைத்தால் ஆள் நகர்வார், இதில் என்ன ஆராய்ச்சி? சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று இரவல் வாங்கிப் போன 40 பேருக்குப் போன் செய்தோம். 31 பேர் எடுத்தார்கள். எடுத்தவர்களில் 9 பேர் நாற்காலியைப் பயன்படுத்தவே இல்லை. சிலர் வீட்டு வாசற்படியில் இறக்க முடியவில்லை, சிலருக்கு அகலம் அதிகமாகிக் கழிவறைக் கதவுக்குள் போகவில்லை. மூலையில் துணி காயப்போட்டிருக்கிறார்கள். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், அப்படியானால் கொடுப்பதற்கு முன்னால் கதவை அளந்துவிட்டு வரச் சொல்லலாமே என்றார்.

மூன்றாவது விண்ணப்பத்தில் அந்த 9 பேரை அப்படியே எழுதினேன். வாசலுக்கு வைக்கும் சாய்தளப் பலகை, அளவு பார்க்க ஒரு தன்னார்வலர், இரண்டையும் பட்ஜெட்டில் சேர்த்தேன். தோல்வியை எழுதினால் கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். நேரில் பார்க்க அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தபோது முதல் கேள்வியே அந்த 9 பேரைப் பற்றித்தான். எங்கள் மெக்கானிக்குக்கு விளக்கமாகப் பேச வராது, ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, முன்சக்கரத்தின் அச்சில் சுற்றியிருந்த தலைமுடியையும் நூலையும் இடுக்கியால் பிடித்து இழுத்துக் காட்டினார், எலிக்குஞ்சு அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. இது சேர்ந்தால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும், தள்ளுகிறவர் தோள் போய்விடும் என்றார். வந்தவர்களில் ஒருவர் அந்த இடுக்கியை வாங்கித் தானே அடுத்த சக்கரத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

கேட்டதில் 60 விழுக்காடு கிடைத்தது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: எந்தத் தலைப்பில் கேட்டோமோ அதில்தான் செலவு செய்யலாம், மாற்ற வேண்டுமானால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பணம் இரண்டு தவணை. இரண்டாம் தவணை, இடைக்கால ரிப்போர்ட்டை நாங்கள் தேதி தவறாமல் கொடுத்தும், 7 வாரம் தாமதமாக வந்தது. பெரிய அமைப்புகளுக்கு இது ஒன்றுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மெக்கானிக் சம்பளத்தைத் தலைவர் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அரை மதிப்பெண்.

கடைசி அரை, முடிவு ரிப்போர்ட்டுக்கு. கொடுத்த தொகை சின்னதோ பெரியதோ எல்லோருக்கும் ஒரே படிவம், எங்களுடையது 12 பக்கம் வந்தது. நான் நேரத்தைக் குறித்து வைத்தேன்: மூன்றாவது விண்ணப்பத்துக்கு 46 மணி நேரம், இரண்டு ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து 19. 65 மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை நாற்காலி தேறியிருக்கும் என்று மெக்கானிக் என்னை இன்னும் கேலி செய்கிறார். எனவே மிகச் சிறிய தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சில சமயம் பத்துப் பேரிடம் நன்கொடை கேட்பது சுலபம். இன்னும் பதிவே செய்யாத குழு என்றால், பதிவு பெற்ற வேறோர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்க ஒத்துக்கொண்டால் சில இடங்களில் ஏற்கிறார்கள், அதையும் போனில் கேட்டுவிடுங்கள்.

எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு. ரிப்போர்ட்டைப் படித்த அதிகாரி, பரிந்துரைக்கும் உரிமை உள்ள நன்கொடையாளர் ஒருவரிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு வருடத்துக்கான டயர், டியூப் செலவை ஏற்றுக்கொண்டார். அதற்கு விண்ணப்பமும் இல்லை, 12 பக்கமும் இல்லை, நன்றிக் கடிதம் மட்டும் கேட்டார்கள்.

புதிய சுற்று போன வாரம் திறந்துவிட்டது. படிவத்தில் ஒரு கேள்வி புதிதாக இருக்கிறது: எங்கள் பணம் நின்ற பிறகு இந்த வேலையை எப்படித் தொடர்வீர்கள்? 1,500 எழுத்துக்குள். இடுக்கி பிடித்தவர் சேர்த்த கேள்வியாக இருக்கும் என்கிறார் மெக்கானிக். நாளைக் காலை அதிகாரிக்குப் போன் செய்ய வேண்டும்.