"விமானத்தில் அனுமதி உண்டு" என்று விற்கும் மடக்குக் கத்தியை நம்பாதீர்கள், என் 64 டாலர் போச்சு

பயணச் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கிய சின்ன மடக்குக் கத்தியை அமெரிக்க விமான நிலையச் செக்யூரிட்டியில் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். 64 டாலர். அந்தக் கடைக்காரர்களின் கடைசி மெயில் இன்று காலைதான் வந்தது, அதைப் படித்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். எந்தக் கத்தி வாங்கலாம், எது கூடாது என்று விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கத்தியின் படத்துக்குக் கீழேயே பச்சை நிறத்தில் ஒரு விமானம், பக்கத்தில் "டிஎஸ்ஏ அங்கீகாரம் பெற்றது, கைப்பையில் கொண்டு செல்லலாம்" என்று ஒரு வரி (டிஎஸ்ஏ என்றால் அமெரிக்க விமான நிலையங்களில் செக்யூரிட்டி சோதனை நடத்தும் அரசு அமைப்பு). அதை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. பணம் கட்டும் முன் அவர்கள் சாட்டிலேயே கேட்டேன், பிளேடு இருக்கிறதே, கேபினுக்குள் விடுவார்களா என்று. உடனே பதில் வந்தது: பிளேடு 2.2 அங்குலம்தான், விதிப்படி 2.36 அங்குலம் வரை போகலாம், உலகம் முழுக்க இதே விதிதான், எங்களிடம் வாங்கிய எத்தனையோ பேர் கொண்டு போகிறார்கள், தைரியமாக வாங்குங்கள். இவ்வளவு துல்லியமாக எண் சொல்கிறவருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? தம்பிக்குப் பரிசு என்பதால் கைப்பிடியில் அவன் பெயரையும் பொறிக்கச் சொன்னேன். கத்தி 52, பெயர் பொறிக்க 12, ஆக 64 டாலர்.

ஸ்கேனரைத் தாண்டியதும் என் பையை மட்டும் தனியாக இழுத்து வைத்தார்கள். அதிகாரி கத்தியை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் பிளேடைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, இது உள்ளே போகாது என்றார். போனில் இருந்த சாட்டைக் காட்டினேன். நாங்கள் எந்தக் கத்திக்கும் அங்கீகாரம் கொடுப்பதே இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே போய்ச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், வழியனுப்ப வந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பெட்டி அதற்குள் போய்விட்டது, வழியனுப்ப யாரும் வரவில்லை, போர்டிங்கும் தொடங்கிவிட்டது. தம்பி பெயரோடு அது தொட்டியில் விழுந்தது.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் அந்த 2.36 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. 2013 மார்ச்சில் டிஎஸ்ஏ, அந்த அளவுக்குள் இருக்கும் சின்ன மடக்குக் கத்திகளைக் கேபினில் அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் 25 முதல் அமல் என்றார்கள். விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், முதலில் தள்ளிவைத்து, ஜூனில் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். ஒரு நாள்கூட அமலுக்கு வராத விதியைக் காட்டி என்னிடம் 64 டாலர் வாங்கியிருக்கிறார்கள்!

ரீஃபண்ட் கேட்டதும் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில், பிளேடு நாங்கள் சொன்ன அளவில்தான் இருக்கிறது, பொருளில் குறை இல்லை என்றார்கள். அடுத்த ஆள், கத்தியைத் திருப்பி அனுப்பினால் பார்க்கலாம் என்றார். பறிபோன கத்தியை எங்கிருந்து அனுப்புவது? அதைச் சொன்னால், பறிமுதல் செய்ததற்கு அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். கடைசியாக இன்று காலை, பெயர் பொறித்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, இத்துடன் புகாரை முடித்துக்கொள்கிறோம் என்று இரண்டு வரி. கடைப் பக்கத்தைப் போய்ப் பார்த்தால் அந்தப் பச்சை விமானம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன். மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை.

சரி, விவரமாக எழுதும் பொறுமை இப்போது இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மடக்குக் கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கைப்பையில் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளேடு 6 செ.மீ. வரை விடுகிறார்கள், கனடாவிலும் அப்படித்தான், ஆனால் அங்கிருந்து அமெரிக்கா போகும் விமானம் என்றால் கிடையாது. அதனால் இடையில் எங்கே மாறுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கேபினுக்குத்தான் வேண்டும் என்றால் பிளேடே இல்லாத, கத்தரியும் திருப்புளியும் மட்டும் உள்ள சின்ன மல்டிடூல் வாங்குங்கள். கத்திதான் வேண்டும் என்றால் உறை போட்டுச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். "அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருந்தால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். பெயர் பொறிக்கவே பொறிக்காதீர்கள், அதையே சாக்காக வைத்துக் கையை விரிக்கிறார்கள். சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை இணைத்துக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன், அந்த 64 டாலரில் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.